மேசை நடுவே கூடை

என் கல்யாணத்தில் மணமகளை விட முக்கியமாக இருந்தது மேசையின் நடுப்பகுதி. அங்கே எதையாவது வைக்க வேண்டும் என்று உலகம் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரியாது. நான் போன கல்யாணங்களில் மேசை நடுவே தண்ணீர்ச் சாடி இருக்கும். அப்படி வைக்கும் அலங்காரத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதற்கென்று ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்பதெல்லாம் நுவரெலியாவில் என் வருங்கால மாமியாரின் புடவைக் கடை மாடியில் தெரிந்துகொண்டவை.

காலையில் கோயிலில் தாலி, பகல் ஹோட்டலில் வரவேற்பு என்று ஏற்பாடு. தாலிக்கு அம்மா உடனே தலையாட்டினார். ஹோட்டல் என்றதும் பின்வாங்கினார்.

"அங்கெல்லாம் நமக்குச் சரிப்படாது. நீங்க போயிட்டு வாங்க. நான் லயத்து வீட்டுக்கு வர்ற ஆளுங்கள கவனிச்சுக்கிறேன்."

அப்பா இறந்து ஆறு வருடம். அம்மா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்தக் கொழுந்தில்தான் படித்தேன் என்று ஆசிரியர் தின மேடையில் உருக்கமாகப் பேசுவேன், கைதட்டல் வாங்குவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வரவேற்பில் அம்மா தலைமேசையில் உட்கார வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் யாரும் அவரைப் பார்த்துத் தோட்டத்தை நினைக்கக் கூடாது. மணமகளின் அம்மா என்று மட்டும் நினைக்க வேண்டும். இதற்காக மூன்று வாரம் கெஞ்சி, ஒரு நாள் சாப்பிடாமல் இருந்து, சம்மதம் வாங்கினேன்.

கடை மாடியில் அலங்காரக்காரப் பெண்மணி கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக்காட்டினார். முதலில் கண்ணாடிக் கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் மெழுகுவர்த்தி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஊதி அணைப்பதற்கு வசதியாக இருக்கும் என்றேன். அடுத்தது ஒரு முழத்துக்கு மேல் உயரமான குடுவை, மேலே வெள்ளை லில்லி. எதிரே இருப்பவர் முகமே தெரியாது. சில உறவினர்களைப் பொறுத்தவரை அது நல்ல யோசனைதான். ஆனால் அந்த லில்லி எங்கள் தோட்டத்து ஓடையோரம் தானாக முளைப்பது, நாங்கள் அதைப் பறிப்பது செத்த வீட்டுக்கு. பிறகு ஒரு பறவைக் கூண்டு வந்தது. உள்ளே பறவை இல்லை, பூ இருந்தது. பூ தப்பித்துப் போய்விடும் என்ற பயமோ என்னவோ. மாமியாரின் தம்பி மரக்கறி மொத்த வியாபாரி. கேரட்டும் லீக்ஸும் வைக்கலாம், சாமான் நான் தருகிறேன் என்று பெரிய மனதோடு முன்வந்தார்.

மாப்பிள்ளை வங்கியில் வேலை செய்கிறவர். என்னிடம், "உங்க விருப்பம்," என்றார். தன் அம்மாவிடமும், "உங்க விருப்பம்," என்றார். இரண்டு பக்கமும் கணக்கு நேராக இருந்தது.

அடுத்த படத்தில் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சாண் உயரக் கொழுந்துக் கூடை, பிரம்பில் பின்னியது, தலையில் மாட்டும் கயிறு கூட இருந்தது. உள்ளே தேயிலை.

"இதுதான். சம்பந்தியம்மாவுக்கு மரியாத செஞ்ச மாதிரியும் இருக்கும். நம்ம மலைநாட்டுக்கும் பொருத்தம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மரியாதை செய்கிறவரிடம் என்னவென்று சொல்லுவது?

"மாமி, தேயிலை வேண்டாமே. பூ போதும்."

"ஏம்மா, வெட்கப்படுறீங்களா? அதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

வெட்கமில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் கூடையை ஏற்க வேண்டும். மேடையில் உருக்கமாகப் பேசிய பாவம் இப்படி வந்து பிடித்துக்கொண்டது. கூடை நிச்சயமானது. எங்கள் தோட்டத்தில் பிரம்புக் கூடை போய் வெகு காலம். அம்மா முதுகில் தொங்குவது உரப்பையில் தைத்த சாக்கு. அதைச் சொன்னால் சாக்கிலும் சின்னதாகத் தைத்துவிடுவார்களோ என்று பயந்து மூச்சு விடவில்லை.

அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வரமாட்டார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாண நாள் தாலி கட்டி முடிந்ததும் படப்பிடிப்புக்காரர் எங்களை ஏரிக்கரைக்கு இழுத்துப்போனார். குளிரில் பல் கிடுகிடுக்க, காதல் பொங்குவது போல நிற்கச் சொன்னார். அதற்குள் விருந்தினர் எல்லோரும் ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் வராமல் சாப்பாடு திறக்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குப் பார்க்க இருந்தது மேசை நடுவே இருந்த கூடை மட்டும்தான்.

நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பாட்டுப் போட்டார்கள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். சமையலறைக் கதவோரம் மூன்று மேசை மட்டும் எழவில்லை. சித்திமார், அத்தைமார், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் அங்கேதான் இடம் போட்டிருந்தார்கள். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகக் குனிந்து, ஏதோ வேலையாக இருந்தார்கள். கிட்டப் போனதும் புரிந்தது. கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, முத்தல் இலையை ஒரு பக்கம், கொழுந்தை ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மேசைவிரிப்பில் முத்தல் குவிந்து கிடந்தது. கொழுந்து என்று தேறியது ஒரு பிடி கூட இல்லை.

"இங்க பாரும்மா," என்றார் என் சின்னச் சித்தி, என் கல்யாண அலங்காரத்தை ஏறிட்டும் பார்க்காமல். "எவளோ கத்திய வச்சு வெட்டிட்டு வந்திருக்கா. எல்லாம் முத்தல். பாத்துட்டு எப்பிடி சும்மா இருக்கிறது?"

"சித்தி, அது பறிச்சதில்ல. அழகுக்கு வச்சிருக்காங்க."

"அழகா? கங்காணி பாத்தா அரைப்பேருதான் போடுவாரு."

மலையில் மேற்பார்வை பார்க்கிறவர் பாதிச் சம்பளம்தான் போடுவார் என்று அர்த்தம். மேசை முழுக்கச் சிரிப்பு. இளம் கொழுந்து சீக்கிரம் வாடிவிடும் என்பதற்காகவே முற்றிய இலையாகப் பார்த்து வெட்டிவந்த அலங்காரக்காரப் பெண்மணி, சுவரோரம் நின்று தன் கலையின் கதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா, எவ்வளவு ரசிக்கிறாங்க," என்றார் என் காதருகே. வீடியோக்காரரைக் கூப்பிட்டு அதையும் எடுக்கச் சொன்னார்.

நான் தலைமேசையைப் பார்த்தேன். அம்மா அங்கேதான் இருந்தார். மாமியின் தம்பிக்கும் கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டத்தரணிக்கும் நடுவே, நிமிர்ந்து, படத்துக்கு உட்கார்ந்தவர் போல. அவர் எதிரே இருந்த கூடையில் ஓர் இலை கூடக் கலையவில்லை. நிம்மதியாக இருந்தது. எப்படியோ என் ஆசை நிறைவேறிவிட்டது என்று மேடையில் போய் சோபாவில் உட்கார்ந்தேன்.

பரிசு கொடுப்பவர்கள் வரிசையாக வந்தார்கள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. நடுவில் ஒருமுறை பார்த்தேன். தலைமேசையில் அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. கை கழுவ எழுந்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து அம்மாவின் சிரிப்புக் கேட்டது. கதவோர மேசையில் சித்திமாருக்கு நடுவே, இரண்டு கையையும் இலைக்குவியலில் விட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் பார்க்காமலே இலையைப் பிரித்தன. வீடியோக்காரர் அவருடைய கையை மட்டும் தனியாகக் கிட்ட வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தது என்று எழுதுவதுதான் நேர்மை. மூன்று வாரக் கெஞ்சலை இந்த அம்மா ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டாரே என்று, முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிப் போனேன்.

"அம்மா, வாங்க. உங்க இடம் அங்க இருக்கு."

"இருந்தேனேம்மா. இவ்வளவு நேரமும் அங்கதான் இருந்தேன்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே. எல்லாரும் நல்லவங்க. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல," என்றார் அம்மா. பிறகு, என்னைக் குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சொல்வது போல, "ஒரு வார்த்தையும் பேசல," என்றார்.

சட்டத்தரணி மாமியின் தம்பியோடு பேசியிருக்கிறார், அம்மாவைத் தாண்டி. ஆஸ்திரேலியாவில் மகன் வாங்கிய வீட்டைப் பற்றி. அம்மா இடையில் இருந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மேசை நடுவே எதை வைப்பது என்று அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்ட நான், அம்மாவின் பக்கத்தில் யாரை வைப்பது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. என் அம்மாவை நானும் அந்த மேசையில் அழகுக்குத்தான் வைத்திருந்தேன்.

அழுகை வந்துவிடும் போலிருந்தது. முகப்பூச்சுக்காகப் பயந்து அடக்கினேன். சின்னச் சித்தி கொஞ்சம் நகர்ந்து நாற்காலியில் பாதி இடம் விட்டார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மேசையில் சிரிப்பு நின்றது. ஒருவர் என் புடவைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று இலைக்குவியலை அப்பால் தள்ளினார். இன்னொருவர், "டீச்சருக்குத் தண்ணி ஊத்துங்க," என்றார். நானும் கொஞ்சம் இலையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நகப்பூச்சு போயிரும். நீ போம்மா, மாப்பிள்ள தனியா நிக்கிறாரு. அவங்க என்ன நெனப்பாங்க?"

எழுந்தேன். பத்தடி போவதற்குள் அந்த மேசையில் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது.