சரியான விடைக்குத் திட்டு

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் மெஸ் நடத்தும் அம்மிணி, சாப்பிட வருபவர்களை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மணமாகி இங்கே வந்து, கணவர் மறைந்தபின் அடுப்பை நம்பி வாழ்ந்தவர். அவரிடம் உண்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். யாரை அவர் திட்டுகிறாரோ அவருடைய இலைக்கு இரண்டாம் முறை குழம்பு கேளாமலே வரும். திட்டு வாங்காதவர் கேட்டுத்தான் பெற வேண்டும். இந்த நடைமுறையை யாரும் வகுக்கவில்லை. ஆயினும் புதியவர் ஓரிரு வேளைகளிலேயே அதைக் கற்றுக்கொண்டுவிடுவார்.

மெஸ்ஸுக்குக் கீழே, முன்பு மிளகுக் கிடங்காக இருந்த அறையில், விஸ்வநாத் என்பவர் ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கினார். தமிழ்த் தொழிலாளர்கள் மலையாள எழுத்தைப் படிக்கப் பழகுவதற்கான செயலி அது. திரையில் பேருந்தின் பெயர்ப்பலகை தோன்றும். எந்த ஊர் என்று தொட்டுக் காட்ட வேண்டும். விடை சரியானால் மணி ஒலிக்கும். தவறானால் ஒரு குரல் கண்டிக்கும். அக்குரலுக்கு ஆள் தேடி அவர் அலையவில்லை. அது நாள்தோறும் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

“எந்தாடா இது? கண்ணை எங்கே அடமானம் வெச்சுட்டு வந்தே?” என்று அம்மிணி ஒத்திகையின்றிப் பதிவு செய்தார். இளமையில் வானொலி அறிவிப்பாளர் தேர்வில், குரல் கடுமை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். ஆகையால் செயலி வெளிவந்ததும் பால்காரர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்கச் செய்தார்.

செயலியால் பயன் உண்டா என்று ஆராய ஸாதனா என்ற பெண்ணை விஸ்வநாத் பணியில் அமர்த்தியிருந்தார். அவர் மெஸ்ஸில் உண்பவர்களைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு அம்மிணியின் குரல். மற்றதற்குத் தவறு செய்தால் வெறும் டொக் என்ற ஓசை. சில வாரங்களில் குரல் பிரிவினர் செயலியை மும்மடங்கு நேரம் பயன்படுத்தியிருந்தனர். விஸ்வநாத் பூரித்துப் போனார். ஆனால் உண்மையான பெயர்ப்பலகைகளைப் படிக்கச் சொன்னபோது, டொக் பிரிவினரே நன்றாகப் படித்தனர்.

“ஆளுங்க போனைக் கீழேயே வைக்கறதில்லை. இதைவிட என்ன வேணும்?” என்றார் விஸ்வநாத்.

“பந்தியிலே ரொம்ப நேரம் உக்காந்திருக்கறவன் எல்லாம் சாப்பிட்டுண்டா இருக்கான், சேட்டா?” என்றார் ஸாதனா.

காரணம் அறிய, பூச்சுவேலை செய்யும் முத்துவேலின் அருகில் அமர்ந்து கவனித்தார். திரையில் ஏலூர் வந்தது. முத்துவேல் தயங்காமல் இடக்கொச்சியைத் தொட்டார். அம்மிணியின் குரல் முழங்கியது. முத்துவேல் சிரித்தார்.

“அண்ணா, அது ஏலூர்னு தெரியலையா?”

“தெரியாம என்ன? சரியா அமுக்கினா கோயில் மணி கணக்கா அடிக்கும். அதைக் கேட்டு நான் என்ன செய்ய? தப்பா அமுக்கினா மாமி ஏசுவாங்கல்லா!”

ஏலூரைத் தாண்டி அவர் முன்னேறவேயில்லை. முன்னேறவும் அவர் விரும்பவில்லை.

ஸாதனா மாடியேறிச் சென்று, குரலை எடுத்துவிடப் போவதாக அம்மிணியிடம் சொன்னார். அம்மிணி கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஊரெல்லாம் கேக்க வெச்சாச்சு. இனி என் தொண்டை வேண்டாம்னு நான் எந்த முகத்தோட சொல்லுவேன்?”

“தொண்டைமேல குத்தமில்லை மாமி. உங்க திட்டுக்கு ஆசைப்பட்டுத் தப்புப் பண்றா. சரியாச் சொன்னா நீங்க பாராட்டற மாதிரி வேணா பதிவு பண்ணலாம்.”

பாராட்டைப் பதிவு செய்ய ஒரு முழுப் பிற்பகல் கழிந்தது. “பேஷ், நன்னாப் படிச்சே” என்று அம்மிணி சொன்னது இரங்கல் செய்தி போல ஒலித்தது.

“கொஞ்சம் சந்தோஷமா, மாமி,” என்றார் விஸ்வநாத்.

“செய்ய வேண்டியதைச் செஞ்சவனை எதுக்குடா கொஞ்சணும்? படிக்கத் தெரிஞ்சுண்டே இத்தனை நாள் மரமண்டை மாதிரி உக்காந்திருந்தானே, அதைக் கேக்க ஆளில்லையா?”

ஸாதனா பதிவுக் கருவியை அணைக்கவில்லை. “இதுதான். இதையே சரியான விடைக்கு வெப்போம்,” என்றார்.

“சரியாச் சொன்னவனுக்குத் திட்டா? ஆரெங்கிலும் கேட்டா சிரிப்பா!” என்று விஸ்வநாத் தலையில் கை வைத்தார்.

“சிரிக்கட்டும். பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்துப் பாப்போம்.”

இம்முறை மெஸ்காரர்களோடு இடக்கொச்சியில் மீன் பதனிடும் தமிழ்த் தொழிலாளர்களையும் ஸாதனா சேர்த்தார். சரியான விடைக்குத் திட்டு வாங்கிய மெஸ்காரர்கள் பலகைகளை வரிசையாக வென்றனர். முத்துவேல் எர்ணாகுளத்தையும் கடந்துவிட்டார். ஆனால் திட்டு வாங்கிய இடக்கொச்சிக்காரர்கள் கூட்டமாகச் செயலியை நீக்கிவிட்டனர். சரியாகச் சொல்லியும் ஒரு பெண்பிள்ளை ஏசுகிறாள் என்பது அவர்களுடைய புகார்.

இதை ஸாதனா ஒளிக்காமல் அம்மிணியிடம் சொன்னார். “வெளியாளுங்களுக்கு உங்க குரல் சரிப்படாது மாமி. இங்கே சாப்பிடறவாளுக்கு மட்டும் வெச்சுக்கலாம்.”

அம்மிணி அடுப்பைத் தணித்தார். “அவா என் கையால சாப்பிட்டிருக்காளா?”

“இல்லை.”

“பின்னே எப்படி மனசிலாகும்? ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிண்டு வா. ஊணு போட்டுத் திட்டறேன். அப்புறம் பரிசோதனை பண்ணு.”

“ஆப் இறக்கறதுக்கு முன்னாடி ஊணு சாப்பிடணும்னு உலகத்துல எவனாவது போடுவானா?” என்று விஸ்வநாத் அலறினார்.

“ஆதாரம் கிடைச்சா போட வேண்டியதுதான்,” என்றார் ஸாதனா. அவர் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பந்திக்கு அழைத்து வந்தார். மற்றப் பாதி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, இடக்கொச்சியிலேயே பட்டினி இல்லாமல், திட்டும் இல்லாமல் இருந்தது. உண்டவர்கள் செயலியை மீண்டும் இறக்கிக்கொண்டனர், உண்ணாதவர்கள் இறக்கவில்லை.

இப்போது அச்செயலியின் முதல் பாடம் மாடியில், இலை போட்டு நடக்கிறது.