பாகூர் ஏரியில் தக்கை விற்றவர்

பாகூர் ஏரிக்கரையில் தூண்டில் தக்கை செய்து விற்பாரே ஒருத்தர், பிள்ளைகளே, அவரை உங்களுக்கும் தெரியும். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பீடி. மயிலிறகின் தண்டை நறுக்கி, நுனியில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவுவார். ஒவ்வொன்றையும் சொம்புத் தண்ணீரில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். சின்னக் கெண்டை வந்து மோந்தாலும் அந்தத் தக்கை தலையாட்டும். அதற்காகவே தவளக்குப்பத்திலிருந்துகூட வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கையைத் தொட மாட்டார்கள்.

கம்பெனியில் என்னை வேலையை விட்டு நிறுத்திய பிறகு, வீட்டில் சொல்லாமல், ஒன்பது நாள் டிபன் பாக்ஸோடு அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. தக்கை முங்கினாலும் தூண்டிலை இழுக்கத் தோன்றாது.

"இன்னா சார், மீனுக்கு சோறு போட வந்தியா?" என்பார். வேறெதுவும் கேட்டதில்லை.

என் பையில் தக்கையைப் பார்த்துவிட்டு நீங்கள் அடம்பிடித்ததால், ஞாயிற்றுக்கிழமை உங்களையும் கூட்டிப் போனேன். அவர் வாயைத் திறந்தால் என் குட்டு உடைந்துவிடும். அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

உங்களுக்கு ஆளுக்கொரு தக்கை கொடுத்துவிட்டு, அதுவரை இல்லாத மரியாதையோடு என்னைக் கேட்டார்.

"ஏரிக்கு மொத தபா வர்றீங்களா சார்?"

"ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைக் காப்பாற்றக் கேட்டாரா, குத்திக்காட்டக் கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. கேட்டுவிடலாமென்று போகும்போதெல்லாம், சொம்பை நகர்த்தி எனக்கு இடம் விட்டுவிட்டு, அவர் தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.