இடது கையும் ஒரு டம்ளரும்

அண்ணன் என்னை வெட்டியது குழாயடியில். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் இருந்தது ஒரே குழாய். குடித்துவிட்டு வந்தவன் பக்கத்து வீட்டுக்காரியின் வாளியை எட்டி உதைத்தான். நான் தடுத்தேன். அவன் கையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி இருந்தது. முகத்துக்கு வந்த வீச்சை வலது கையால் மறித்தேன். இரண்டு விரல்கள் சிமெந்துத் தரையில் கிடந்தன. மீதி விரல்களை மடக்க முடியவில்லை.

நான் பதுளைக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். அந்தக் கையில்தான் பிழைப்பு.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மிஸ் ஒரு பென்சிலை என் இடது கையில் திணித்தார். "முன்னால இருக்கிற டம்ளர வரைங்க. பென்சில நீட்டிப் பிடிச்சு வாயோட அகலத்த அளங்க. உயரத்துல அது எத்தன தடவ போகுதுன்னு பாருங்க."

அளந்தேன். இருந்தும் வாய் கோணிக்கொண்டே வந்தது. தாளைக் குத்திக் கிழித்தேன். டம்ளரைச் சுவரில் அடித்தேன். அவர் அதை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

"இப்ப நசுங்கிருச்சு. நசுங்கலையும் சேத்து வரைங்க."

நசுங்கலோடுதான் முதன்முதலாக டம்ளர் டம்ளராக வந்தது. பிறகு தீப்பெட்டி, மருந்துப் போத்தல் மூடி, ஊக்கு. ஊக்கின் அடியில் கம்பி சுருளும் இடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதை வரையும்போதெல்லாம் ஊக்கின் கூர்முனையை அண்ணன் கண்ணில் இறக்குவதாக நினைத்துக்கொள்வேன். அப்போது கோடு நடுங்காது.

ஜாமீனில் வெளியே வந்த அண்ணன் ஒருநாள் பிஸ்கட் பொட்டலத்தோடு கட்டிலருகே நின்றான்.

"கேஸ வாபஸ் வாங்கிக்கடா. நான் உள்ள போனா ஒங்க அண்ணி என்ன பண்ணுவா?"

என் விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பென்சிலை அவன் கன்னத்தில் குத்தினேன். கூர் சதைக்குள் ஒடிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு போய்விட்டான், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

மிஸ் என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார். "இதுக்கா இந்தக் கையப் பழக்கினேன்?"

எனக்கு வருத்தம் வரவில்லை. மறுநாள் அவர் ஒரு சாவியைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பற்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தேன்.

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். அண்ணனுக்குச் சிறை. இப்போது பதுளையில் ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். பலசரக்குப் பாக்கெட்டுகளுக்கு ஏலம், கராம்பு எல்லாம் இடது கையால் வரைகிறேன். அண்ணி கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். நானும் கூப்பிடுவதில்லை.