மாடியில் போட்ட ஓட்டை

அந்த ஆள் என் மாடியில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டை உடைக்க வந்தவருக்கு இதில் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

வடமாலபேட்டையில் பஞ்சாயத்து அப்ரூவல் வாங்காமல் மாடியில் ஒரு ரூம் கட்டிவிட்டேன். தப்புதான். நோட்டீஸ் வந்தும் நான் கண்டுகொள்ளவில்லை. அதற்குத் தண்டனையாக அந்த ரூமின் கூரையில் நட்டநடுவே ஓட்டை போட மெஷினோடு இவரை அனுப்பிவிட்டார்கள். ஒல்லியான உடம்பு, புருவமெல்லாம் சிமெண்ட் தூசி. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, "கீழ யாரும் இல்லியே சார்?" என்றார்.

"மெயின் ரோட்டு லாட்ஜ் கூடத்தான் அப்ரூவல் இல்லாம நாலு மாடி நிக்குது. அங்க போறதுக்கு உங்களுக்குக் கால் வராதா?" என்று கத்தினேன்.

"அங்கியும் நான்தான் சார் ஓட்டை போட்டேன். ஒவ்வொரு மாடியிலயும்."

"அப்புறம் எப்படி லாட்ஜ் நடக்குது?"

"ஓனரு ஃபைன் கட்டிட்டாரு. என்னியே திரும்பக் கூப்ட்டு, ஓட்டையை இன்னும் அகலமா உடைச்சிக் குடுன்னாரு. இப்ப அதுலதான் லிஃப்ட் போய்க்கினு இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. மெஷினைப் போட்டார். முடித்ததும் உடைந்த சில்லுகளை ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மழை வந்தால் அந்த ரூமில் இப்போது வாளி வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அந்த லாட்ஜிலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாரா? அதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.