பதினாறு ஸ்பிரிங்கும் ஒரு எடை மெஷினும்

கோகுலனைக் கேலி செய்ய நினைப்பவர்கள் முந்திக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அவனே தன்னைக் கேலி செய்து முடித்திருப்பான். மலேசியாவில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருஷம் மெஷின் பார்த்துவிட்டு, முதலாளி ஆகப்போகிறேன் என்று சுங்கை பினாங்கில் தகரக் கொட்டகை போட்டவன். ஏன் லேட் என்று கேட்கிற முதலாளியும் அவன்தான், பொய்க் காரணம் சொல்கிற தொழிலாளியும் அவன்தான்.

வேலை, வேகப் படகுகளின் எஞ்சின் பார்ப்பது. இந்தப் படகுக்காரர்களுக்கு மெதுவாகப் போகத் தெரியாது. ஏறி உட்கார்ந்தால் முழு வேகம்தான். அதனால் எஞ்சினில் முதலில் களைத்துப்போவது வால்வு ஸ்பிரிங். லிஃப்டர் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு சமயத்துக்கு மூடாது, மேலே வருகிற பிஸ்டன் அதில் போய் மோதும். அப்புறம் நடுக்கடலில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம்.

லிஃப்டர் விஷயத்தில் கோகுலன் கெட்டிக்காரன். கழற்றிய பதினாறையும் முட்டைத் தட்டில் நம்பர் போட்டு அடுக்கி, எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குத் திருப்பி அனுப்புவான். ஸ்பிரிங் விஷயத்தில்தான் கோட்டை விட்டான். அதன் பலத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, அதை மட்டும் வாங்கவில்லை. தன் மூளையே போதும் என்று நினைத்தான். அப்படி நினைத்து அவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

மூளை சொன்ன வழி இதுதான். மனைவி குமுதாவின் எடை மெஷினை, முள் வைத்த பழைய மாடல், டிரில் மெஷினின் மேடையில் வைப்பது. அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, டிரில்லின் கைப்பிடியால் அமுக்குவது. எஞ்சினில் அது உட்காரும் உயரம் வந்ததும் முள்ளைப் பார்ப்பது. அறுபது கிலோ காட்டினால் புதுசு மாதிரி. ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் குப்பை.

குமுதா ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். காலையில் அவள் கிளம்பியதும் கட்டிலுக்கடியிலிருந்து மெஷினை எடுப்பான். சாயங்காலம் அவள் வருவதற்குள் துடைத்து வைத்துவிடுவான். சொன்னால் விடமாட்டாள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. வால்வு முழுக்கத் திறக்கும்போது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, சில நாள் முள் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும்வரை அமுக்குவான். 'நூற்று முப்பது கிலோ வரை' என்று மெஷினின் அடியில் எழுதியிருந்தது. அடியில் எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்.

இரண்டு மாதமாக வீட்டில் ஒரு கஷ்டம். குமுதாவின் எடை ஏறிக்கொண்டே போனது. எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்துநான்கு. சோற்றை விட்டாள், ரொட்டி சானாயை விட்டாள், ஓட்ஸைக் கரைத்துக் குடித்தாள். ஒருநாள் மெஷினிலிருந்து இறங்கி அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"எதுவுமே சாப்பிடலங்க. எப்படிங்க ஏறும்?"

"வேலை செய்யிற இடத்துல தெரியாம ஏதும் சாப்பிடுறியோ என்னவோ," என்றான் கோகுலன். "மெஷின் பொய் சொல்லுமா?"

தைராய்டாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை காலையில் ரத்தம் பார்க்க வேறொரு கிளினிக்குக்குப் போனார்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் நர்ஸ் குமுதாவை எடை பார்த்தாள். அறுபத்தெட்டு.

"இல்ல சிஸ்டர், எழுபத்துநாலு," என்றாள் குமுதா.

நர்ஸ் இன்னொரு மெஷினில் ஏற்றினாள். அதிலும் அறுபத்தெட்டு. குமுதாவின் முகம் மலர்ந்தது. வீட்டு மெஷினுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங்தான் இருக்கிறது, அதை நாம்தான் அமுக்கி அமுக்கிக் கொன்றிருக்கிறோம் என்பது கோகுலனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் ஸ்பிரிங்குக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மகான்.

ஆறு கிலோ பொய். போன வாரம் இம்ரான் பாயின் படகில் பதினாறு ஸ்பிரிங்கையும் பார்த்து, ஐம்பத்தாறிலிருந்து அறுபத்திரண்டு வரை குறித்து, "எல்லாம் புலி மாதிரி இருக்கு பாய், மாத்த வேணாம்" என்று அனுப்பியவன் அவன். இம்ரான், நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். இன்று பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு லங்காவித் தீவுக்குக் கிளம்புகிறார். மணி பத்தே கால்.

போன் அடித்தான்; எடுக்கவில்லை. "ஒரு அவசரம்மா" என்று குமுதாவை ஊசிக்குக் கை நீட்டிய நிலையில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

படகுத்துறையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இம்ரானின் தாயார் ஆசியா பீவி மிதவைச் சட்டைக்குள் பாதி மறைந்து, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஒருவன் குனிந்திருந்தான்.

"பாய், ஆஃப் பண்ணுங்க," என்றான் கோகுலன் மூச்சு வாங்க. "ஸ்பிரிங் சரியில்ல."

"புலின்னு சொன்னீங்களேண்ணே?"

பொய் சொல்ல இரண்டு மூன்று வழி இருந்தது. மூன்றும் நல்ல வழிதான். ஆனால் டப்பாவை அணைத்துப் பிடித்திருந்த அந்த அம்மாவைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை.

"என் வைஃப்போட வெயிட் மெஷின்ல வச்சுப் பார்த்தேன் பாய். அது கெட்டுப்போச்சு. ஆறு கிலோ கூட்டிக் காட்டுது."

துறையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இம்ரான் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உம்மா, இறங்குங்க. சாப்பாட்ட இங்கேயே சாப்பிட்டுக்கலாம் லா."

ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பிறையில் ஒரு நண்பனிடம் இருந்த ஒழுங்கான கருவியில் வைத்துப் பார்த்தான். பதினாறில் ஒன்பது குப்பை. ஒன்று ஐம்பதுதான் காட்டியது. அந்தக் குடும்பத்தோடு முழு வேகத்தில் அது பாதி தூரம்கூடத் தாங்கியிருக்காது. கோகுலனுக்குப் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. தப்பு செய்தாலும் ஓடிப்போய் ஒத்துக்கொண்டோமே, எத்தனை பேர் செய்வார்கள்?

அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனான். குமுதா கிளினிக்கிலிருந்து தனியாக வாடகைக் காரில் வந்து சேர்ந்திருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னான்: கட்டிலுக்கடியிலிருந்து எடுத்தது, முள் சுற்றியது, துறையில் எல்லாரும் சிரித்தது. சிரித்த இடத்தை அவளும் சிரிப்பாள் என்று கொஞ்சம் நடித்தே காட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"நர்ஸ் அறுபத்தெட்டுன்னு சொன்னதும் மெஷின் மேல சந்தேகம் வந்துருச்சு, இல்ல?"

"ஆமா. படகு ஞாபகம் வந்துருச்சு."

"ரெண்டு மாசமா நான் உங்க முன்னால உக்காந்து அழுதேன். அப்ப மெஷின் மேல வரல. என் மேலதான வந்துச்சு."

தன்னைப் பற்றிச் சொல்லக் கோகுலனுக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கும் கேலி ஒன்றுகூட இதற்கு உதவுவதாக இல்லை. வெட்கமாக இருந்தது.

குமுதா எழுந்து போய்த் தனக்கு மட்டும் ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்று அவன் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டான்.