தம்ளரின் அடியில் தெரிந்த மணல்

பேரையூர் பக்கம் உள்ள எங்கள் கத்தரித் தோட்டத்துக்கு போர்வெல் தண்ணீர்தான் ஆதாரம். போருக்குள் இறக்கிய மோட்டார் ஒரே வருடத்தில் இரண்டு முறை ஜாம் ஆகி நின்றது. பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகள் வாட, மட்டமான மோட்டாரைத் தலையில் கட்டிவிட்டார் என்று மெக்கானிக்கிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் பம்பைப் பிரித்து, உள்ளே சுழலும் தட்டுகளை என் கையில் கொடுத்தார். ஓரமெல்லாம் பிளேடு மாதிரி தேய்ந்திருந்தது.

"மணல் அரிச்சிருக்குக்கா. போரோட அடி வரைக்கும் இறக்கணும்னு நீங்கதான ஒத்தக்கால்ல நின்னீக."

உண்மைதான். அடியில் வைத்தால் தண்ணீர் குறையாது என்று நினைத்தேன். மணலும் அங்கேதான் சேரும் என்று தோன்றவேயில்லை.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். அடியிலிருந்து வெகு உயரம் வரை தண்ணீர் தாராளமாக நின்றது. கம்ப்ரசர் வைத்து மணலை வெளியேற்றி, தட்டுகளை மாற்றி, மோட்டாரை நாற்பது அடி உயர்த்தச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தனார் சிரித்தார்.

"தண்ணி அம்புட்டும் கீழ கெடக்கு, மோட்டார மேல தொங்கவிடுறீகளே மதினி."

இது மூன்றாவது கோடை. அதே மோட்டார், அதே தட்டுகள். மாதம் ஒருமுறை, மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைக்கிறேன். அடியில் மணல் தெரிந்தால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவேன்.

போன வாரம் கொழுந்தனாரின் மோட்டார் ஜாம் ஆனது. மெக்கானிக் நம்பர் கேட்டு வாசலில் வந்து நின்றார். நம்பரோடு ஒரு தம்ளரையும் கொடுத்தனுப்பினேன்.