பிரிக்காத பெட்டி

பம்பு உதிரிபாகம் விற்கும் எங்கள் கம்பெனியில் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார். பெட்டியை நாலு பக்கமும் திருப்பி, ஒட்டிய டேப்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. லாரி டிரைவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

நான் அங்கே ஒரே மென்பொருள்காரன். சரக்கிருப்பைக் கணினியில் ஏற்ற முதலாளி இரண்டு டேட்டாபேஸ் கருவிகளை, டேப் ஒட்டிய பெட்டிகளில் குறுந்தகடுகளாக, வரவழைத்தார். ஒன்று எனக்குக் கைவந்த பழசு. மற்றது புதிது, பல பேர் ஒரே நேரத்தில் பதிவதற்கென்றே வந்தது.

"ரெண்டையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு, எது தேவலாம்னு எழுதிக் கொடு" என்றார் முதலாளி.

அக்கா கேட்டது ஒன்றுதான். "தம்பி, ஸ்டோர்ல நாங்க மூணு பேரும் ஒண்ணா பதியணும். அதுக்கு எது சரிப்படும்னு பாருப்பா."

புதியதை நான் தொடவே இல்லை. புரியாமல் திருதிருவென முழித்தால் மானம் போய்விடுமே என்ற பயம். 'சோதித்ததில் புதியது மிக மெதுவாக இயங்கியது' என்று கை கூசாமல் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி அதை நம்பினார், பழசை வைத்தே சரக்கிருப்பு மென்பொருளை எழுதினேன். அதில் இரண்டு பேர் சேர்ந்து திருத்தினால் ஒருவர் பதிந்தது காணாமல் போகும். போனது. அக்கா சண்டைக்கு வரவில்லை. மேசையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரை வைத்தார். டம்ளர் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் பதியலாம். ஒன்பது வருடமாக என் மென்பொருளின் மானத்தைக் காத்தது அந்த டம்ளர்தான். பாராட்டு மட்டும் எனக்கு வந்தது, நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் முதலாளி மாடியில் தன் அறையில் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, "ரெண்டாவது கிடங்குக்கும் இதையே போட்டுரலாமா?" என்றார். அது நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. டம்ளரை அங்கே எப்படி நீட்டுவது? ஆனாலும் சரியென்று தலையாட்டினேன்.

கீழே கிடங்குக்கு இறங்கியதும் அக்கா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என்முன் வைத்தார். புதிய கருவி வந்த பெட்டி.

"நீ கொண்டாந்து வெச்ச அன்னைக்கே தடவிப் பார்த்துட்டேன் தம்பி. டேப்பு பிரியல."

நான் கூனிக் குறுகிப் போனேன். "அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

பெட்டியோடு மறுபடி மாடி ஏறினேன். முதலாளி நிமிர்ந்து, "என்னப்பா அது?" என்றார்.

"நான் ஓட்டிப் பார்த்ததா எழுதிக் கொடுத்தேனே, அது சார். டேப்பைத் தொட்டுப் பாருங்க."